சிங்கப்பூரில் சொந்தமாக மென்பொருள் ஆலோசனை: எல்லாவற்றையும் முடிவு செய்யும் அந்த ஓர் எண்

வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாக மென்பொருள் ஆலோசனை செய்ய நினைப்பவர், முதலில் கையில் என்ன பாஸ் (சிங்கப்பூரில் தங்கவோ வேலை செய்யவோ தரும் அனுமதி) இருக்கிறது என்று பார்க்க வேண்டும். குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் தடையில்லை. எம்ப்ளாய்மென்ட் பாஸில் (வெளிநாட்டு நிபுணர்களுக்கான வேலை அனுமதி) இருப்பவர் அந்தப் பாஸில் குறிப்பிட்டுள்ள நிறுவனத்துக்கு மட்டுமே வேலை செய்யலாம். வார இறுதியில் நண்பரின் கடைக்கு ஓர் ஆப் எழுதிக் கொடுத்துக் காசு வாங்குவதும் விதிமீறல்தான். "யாருக்கு அண்ணே தெரியப் போகுது?" என்று தேக்காவில் யாராவது டீ குடித்துக்கொண்டே தைரியம் சொன்னால் நம்பாதீர்கள், மாட்டினால் போவது அவருடைய பாஸ் இல்லை. டிபெண்டன்ட் பாஸில் வந்த துணைவர்களுக்கும் 2021 மே 1 முதல் விதி இறுகிவிட்டது. வேலை செய்யத் தனியாக வேலை அனுமதி வேண்டும். சொந்தத் தொழில் என்றால் மனிதவள அமைச்சின் ஒப்புதல் கடிதம் வேண்டும். அதற்கு உள்ளூர்வாசி ஒருவரையாவது வேலைக்கு வைப்பது உள்ளிட்ட நிபந்தனைகள் உண்டு.

இனி வருவது குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும். தலைப்பில் சொன்ன எண், அவர்கள் தொழிலில் ஈட்டும் நிகர வர்த்தக வருமானம். அதற்கு முன் பதிவைப் பார்த்துவிடுவோம்.

பதிவு சுலபம். அடையாள அட்டையில் உள்ள முழுப்பெயரிலேயே பில் போட்டுத் தொழில் செய்தால் அக்ராவில் (தொழில்களைப் பதியும் அரசு ஆணையம்) பதிய வேண்டியதே இல்லை. 'டெக் சொல்யூஷன்ஸ்' மாதிரி ஒரு பெயர் வேண்டுமென்றால் அக்ராவின் பிஸ்ஃபைல் இணையத்தளத்தில் பெயருக்கு 15 வெள்ளி, பதிவுக்கு ஓராண்டுக்கு 100 அல்லது மூன்றாண்டுக்கு 160 வெள்ளி. மெடிசேவ் (மத்திய சேமநிதியில் மருத்துவச் செலவுக்கான கணக்கு) பாக்கி இருந்தால் பதிவும் நடக்காது, புதுப்பிப்பும் நடக்காது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டிலிருந்தே அலுவலகம் நடத்த வீட்டு அலுவலகத் திட்டம் இருக்கிறது. வெளியாள் இரண்டு பேருக்கு மேல் வேலைக்கு வைக்கக் கூடாது, வாசலில் பெயர்ப்பலகை மாட்டக் கூடாது. மடிக்கணினியோடு மேசையில் உட்கார்ந்திருப்பவருக்கு இதெல்லாம் பெரிய தொல்லை இல்லை.

நிகர வர்த்தக வருமானம்

வாடிக்கையாளர்களிடமிருந்து வந்த மொத்தத் தொகையிலிருந்து தொழிலுக்காகச் செய்த செலவையும் கருவிகளுக்கான கழிவையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவதே நிகர வர்த்தக வருமானம். இதை ஆண்டுதோறும் ஏப்ரல் 18க்குள் படிவம் பி வழியாக இணையத்தில் உள்நாட்டு வருவாய் ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். ஆண்டு வருவாய் 2 லட்சம் வெள்ளிக்குள் இருந்தால் படிவத்தில் இரண்டே வரி எழுதினால் போதும்: மொத்த வருவாய், லாபம். இரண்டு வரிதானே என்று ரசீதுகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஐந்து ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும்.

கிளவுட் சர்வர் கட்டணம், மென்பொருள் உரிமம், வாடிக்கையாளரைப் பார்க்கப் போன டாக்சி ஆகியவற்றைக் கழிக்கலாம். மடிக்கணினியின் முழு விலையையும் ஒரே ஆண்டில் கழிக்கலாம். வீட்டு இணையத்தில் தொழிலுக்குப் பயன்பட்ட பங்கை மட்டும் காட்டலாம். சொந்தக் காரில் வாடிக்கையாளரைப் பார்க்கப் போனாலும் பெட்ரோல், இஆர்பி (மின்னியல் சாலைக் கட்டணம்), பார்க்கிங் எதையும் கழிக்க முடியாது. இதில் ஏமாறுபவர்கள் நிறைய.

பணம் வெளிநாட்டிலிருந்து வந்தால் வரி இல்லை என்றும் ஒரு பேச்சு உலவுகிறது. சென்னை நிறுவனமோ லண்டன் நிறுவனமோ பணம் அனுப்பட்டும். இங்கே உட்கார்ந்து நடத்துகிற தொழிலில் சம்பாதித்தது இங்கே வரிக்கு உட்பட்டதுதான்.

சரி, கணக்கைப் போட்டுப் பார்ப்போம். செங்காங்கில் இருக்கும் 40 வயதுப் பொறியாளர் ஒருவர் ஆண்டுக்கு 75,000 வெள்ளிக்கு பில் போட்டார், செலவு 15,000 என்று வைத்துக்கொள்வோம். நிகர வருமானம் 60,000. வேறு எந்தக் கழிவும் இல்லையென்று வைத்தாலும் வருமான வரி 1,950 வெள்ளிதான். பலரைத் தூக்கிவாரிப் போடுவது அடுத்து வரும் மெடிசேவ் நோட்டீஸ். நிகர வருமானம் ஆண்டுக்கு 6,000 வெள்ளியைத் தாண்டினாலே மெடிசேவ் கட்டாயம். 18,000 வெள்ளியிலிருந்து முழு விகிதம்: 35 வயதுக்குக் கீழ் 8 விழுக்காடு, 35 முதல் 44 வரை 9, 45 முதல் 49 வரை 10, அதற்கு மேல் 10.5, உச்சவரம்பும் உண்டு. நம் பொறியாளருக்கு 5,400 வெள்ளி, அதாவது வரியைப் போல இரண்டே முக்கால் மடங்கு. நோட்டீஸ் வந்து 30 நாளில் கட்ட வேண்டும். ஒரே மூச்சில் முடியாவிட்டால் கைரோவில் (வங்கிக் கணக்கிலிருந்து தானாகக் கழியும் முறை) மாதத் தவணை கேட்கலாம். அவர் இன்னொரு பக்கம் சம்பள வேலையும் பார்த்துக்கொண்டு இதைப் பகுதிநேரமாகச் செய்தாலும் இந்தக் கடமை போகாது.

இதை இன்னொரு வரி என்று திட்டுவது சரியில்லை. பணம் உங்கள் கணக்கிலேயே குறைந்தது 4 விழுக்காடு வட்டியோடு இருக்கிறது, வரிக் கழிவும் கிடைக்கிறது, மெடிஷீல்டு லைஃப் மருத்துவக் காப்புறுதிச் சந்தாவும் அதிலிருந்தே போகிறது. என் கவலை வேறு. சம்பளத்தில் இருந்தவரை 55 வயது வரை சம்பளத்தில் முதலாளி 17 விழுக்காடு, நீங்கள் 20 விழுக்காடு என்று மாதாமாதம் மசேநிக்கு (மத்திய சேமநிதிக்கு) பணம் போய்க்கொண்டிருந்தது. அதன் சாதாரணக் கணக்கிலிருந்து வீட்டுக் கடன் சத்தமில்லாமல் கழிந்துகொண்டிருந்தது. சுயதொழிலில் கட்டாயம் மெடிசேவ் மட்டுமே. சாதாரணக் கணக்கில் புதுப் பணம் விழாது, தவணை மட்டும் நிற்காமல் போகும். கணக்கு வறண்டால் ரொக்கமாகக் கட்ட வேண்டியதுதான். விரும்பினால் மசேநியின் மூன்று கணக்குகளுக்கும் நீங்களே பணம் போடலாம். ஆண்டு வரம்பு 37,740 வெள்ளி. வேலையை விடுவதற்கு முன் சாதாரணக் கணக்கில் எத்தனை மாதத் தவணைக்குப் பணம் இருக்கிறது என்று பார்த்துக்கொள்வது நல்லது.

எப்படியாவது செலவைக் கூட்டி இந்த எண்ணைக் கீழே இறக்கினால் மிச்சம் என்று சிலர் நினைக்கிறார்கள். பொய்க் கணக்கு தண்டனைக்குரியது என்பது ஒருபுறம் இருக்கட்டும். நியாயமான கழிவை விடாதீர்கள். ஆனால் உங்களுக்குக் கிடைக்க வேண்டியவையும் இதே எண்ணைப் பார்த்துத்தான் வரும். ரிசர்விஸ்ட் (தேசிய சேவை முடித்தவர்களுக்கான மறுபயிற்சி) போகும்போது சுயதொழில் செய்பவருக்கும் வருமான இழப்பை அரசு ஈடு செய்கிறது; அடிப்படை, நீங்கள் காட்டிய வர்த்தக வருமானம். குழந்தை பிறந்தால், பிறப்புக்கு முன் குறைந்தது மூன்று மாதம் தொடர்ந்து தொழில் செய்த தாய் 16 வார மகப்பேற்றுக் கால வருமான இழப்பைக் கோரலாம். நான்கு வாரத்துக்கு 10,000 வெள்ளி உச்சவரம்பு. தந்தையருக்கு 2025 ஏப்ரல் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்கு நான்கு வாரம், வாரத்துக்கு 2,500 வெள்ளி வரை. வீவக கடனுக்கும் வங்கிக் கடனுக்கும் கேட்பது வரி மதிப்பீட்டு அறிவிப்பைத்தான். வங்கி அதிலும் நிலையற்ற வருமானம் என்று குறைந்தது 30 விழுக்காட்டை வெட்டிவிட்டுத்தான் கணக்குப் போடும். நம் பொறியாளரின் 60,000 அங்கே 42,000.

உண்மையிலேயே சுயதொழிலா?

ஐடி துறையில் அடிக்கடி நடப்பது இது. சாங்கி பிசினஸ் பார்க்கில் ஒரு நிறுவனம் உங்களை 'கன்சல்டன்ட்' என்று எடுக்கிறது. காலை ஒன்பதுக்கு வர வேண்டும், அவர்கள் கொடுத்த மடிக்கணினி, அவர்களுடைய மேலாளரிடம் லீவு சொல்ல வேண்டும், வேறு இடத்தில் வேலை எடுக்கக் கூடாது, மாதம் ஒரே தொகை. ஆனால் மசேநி கிடையாது, மருத்துவ விடுப்பு கிடையாது. ஒப்பந்தத்தின் தலைப்பில் என்ன எழுதியிருந்தாலும், வேலையை யார் கட்டுப்படுத்துகிறார், கருவிகள் யாருடையவை, லாப நட்டம் யார் தலையில் என்பதைத்தான் மனிதவள அமைச்சு பார்க்கும். ஊழியர் என்று முடிவானால் மசேநி, வேலை நியமனச் சட்டப்படியான விடுப்பு எல்லாம் முதலாளியின் பொறுப்பு. நீங்களும் முதலாளியும் சேர்ந்து 'மசேநி வேண்டாம்' என்று கையெழுத்துப் போட்டாலும் செல்லாது.

பொருள் சேவை வரியை இப்போதைக்கு மறந்துவிடலாம். ஆண்டு விற்பனை 10 லட்சம் வெள்ளியைத் தாண்டும்போதுதான் பதிவு கட்டாயம். பதிவு செய்யாமல் பில்லில் 9 விழுக்காட்டைச் சேர்ப்பது குற்றம்.

பணம் வராமல் இழுத்தடிக்கும் வாடிக்கையாளர்தான் தினசரித் தலைவலி. வேலை, தொகை, கட்ட வேண்டிய தேதி, மாற்றம் வந்தால் என்ன செய்வது, தகராறு வந்தால் எப்படித் தீர்ப்பது ஆகிய ஐந்தும் எழுத்தில் இருக்கட்டும். வாட்ஸ்ஆப்பில் "ஓகே ப்ரோ" என்று வந்ததை மட்டும் நம்பி இறங்க வேண்டாம். தகராறு வந்தால் டாடம் என்கிற, தகராறு தீர்க்கும் முத்தரப்புக் கூட்டணியில் சமரசத்துக்குப் போகலாம். அங்கே தீராவிட்டால் சிறு கோரிக்கை நடுவர் மன்றம். 20,000 வெள்ளி வரை, இரு தரப்பும் சம்மதித்தால் 30,000 வரை கோரலாம். வக்கீல் வைக்க முடியாது என்பதால் பெரிய நிறுவனமும் உங்களைப் போலவே தானே வந்து பேச வேண்டும். பணம் வர வேண்டிய நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மனுப் போட்டாக வேண்டும். "அடுத்த மாசம் தரேன் தம்பி" என்பதையே கேட்டுக்கொண்டிருந்தால் அந்தக் கெடு நமக்குத் தெரியாமலே ஓடிவிடும்.