சொல் விளக்கம்: தரவு

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், ரப்பர் தோட்டத்துக் குடும்பம் ஒன்றில் பிறந்த பெண், எகனாமிக்ஸையும் டேட்டா சயின்ஸையும் இணைத்துக் கற்பிக்கும் மாஸ்டர்ஸ் படிப்பில் சேர்ந்திருக்கிறாள். அவளைப் பாராட்டிக் கோயில் மண்டபத்தில் கட்டவிருக்கும் பதாகைக்கு, அப்படிப்பின் பெயரைத் தமிழில் எழுதித் தரும்படி அவளுடைய தாத்தா என்னிடம் கேட்டார். அப்பெயரில் நின்று நிதானித்துப் பார்க்க வேண்டிய சொல் 'டேட்டா'.

கொடுத்தலைக் குறிக்கும் இலத்தீன் வினையிலிருந்து வந்த 'டேட்டும்' என்பதன் பன்மையே டேட்டா. கொடுக்கப்பட்டவை என்பது அதன் பொருள். தமிழில் வா என்னும் வினை வரு என்றாகி வரவு என்னும் பெயரைத் தருவதுபோல, தா என்பது தரு என்றாகித் தரவு என்னும் பெயரைத் தருகிறது. வேரின் பொருளே ஒத்து நிற்கும் இத்தகைய கலைச்சொல் எளிதில் வாய்ப்பதில்லை. தரவு புதிதாகப் புனைந்த சொல்லும் அன்று. நால்வகைப் பாக்களுள் ஒன்றான கலிப்பாவின் முதல் உறுப்புக்குத் தரவு என்றே பெயர். பாட்டின் பொருளை முதலில் தந்து நிற்பது அது, தாழிசையும் தனிச்சொல்லும் சுரிதகமும் அதன்பின் வருபவை. ஆய்விலும் தரவு வந்த பின்னரே மற்றவை வருகின்றன.

தாத்தா தோட்டத்தில் வெளிக்காட்டுக் கிராணியாக, அதாவது வெளிவேலைக் கணக்கராக, இருந்தவர். விடியுமுன் ஆட்களைக் கணக்கெடுக்கும் பிரட்டில் பேர் போட்டு, நண்பகலில் ரப்பர்ப் பால் நிறுக்கும் கொட்டகையில் ஒவ்வொருவர் வாளியையும் தராசில் ஏற்றி, பாலின் எடையை ஒரு கட்டத்திலும் உறைந்துபோன ஒட்டுப்பாலின் எடையை அடுத்த கட்டத்திலும் செக்ரோல் என்னும் பதிவேட்டில் எழுதியவர். நான் சொல்லை விளக்கியதும், "அப்போ நாங்க எழுதினதும் அதுதானே, வாத்தியாரே?" என்றார். அதுவேதான். ஒருவர் பெயருக்கு நேரே எழுதப்பட்ட 14 கிலோ என்பது தரவு. அந்த மாதத்துப் பதிவுகளைத் தொகுத்துச் சராசரி கண்டால் அது புள்ளிவிவரம். தோட்டத்தின் எந்தக் காட்டில் பால் குறைந்துவருகிறது என்று அதிலிருந்து தெரிந்துகொள்வது தகவல். இம்மூன்றையும் ஒன்றுக்கொன்று மாற்றி எழுதும் பழக்கம் நம் நாளிதழ்களிலும் பள்ளி ஏடுகளிலும் உண்டு. டேட்டாவைத் தகவல் என்று எழுதிவிட்டால், பால் எடுக்க மரம் சீவியவர் தந்ததற்கும் அதிலிருந்து பிறர் அறிந்துகொண்டதற்கும் உள்ள வேறுபாடு மறைந்துபோகிறது. இதை நான் சிறிய பிழையாகக் கருதவில்லை.

எகனாமிக்ஸ் என்பது வீட்டையும் அதன் நிருவாகத்தையும் குறிக்கும் கிரேக்கச் சொற்களிலிருந்து வந்தது. நாட்டின் செல்வநிலையைப் பொருளாதாரம் என்றும், அதை ஆராயும் துறையைப் பொருளியல் என்றும் பிரித்து வழங்குவதே தெளிவு. தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் ஐந்தாம் இயலுக்கும் பொருளியல் என்றுதான் பெயர். அங்கே அது செய்யுட்பொருளைப் பற்றியது.

இவ்விரு துறைகளையும் சேர்த்துப் படிப்பதற்குக் காரணம் உண்டு. 2013 சனவரி 1ஆம் நாள் தீபகற்ப மலேசியாவில் குறைந்தபட்சச் சம்பளம் 900 ரிங்கிட் என நடைமுறைக்கு வந்தது. பழைய பதிவுகளைக் கணினிக்குக் கொடுத்தால் அடுத்த மாதம் எத்தனை பேர் வேலையில் இருப்பார்கள் என்று அது ஓரளவு கணித்துச் சொல்லும். ஆனால் அந்தச் சம்பள உயர்வால்தான் வேலை கூடியதா குறைந்ததா என்று பிரித்தறிய, எதனோடு எதை ஒப்பிடுவது என்னும் பொருளியல் அறிவு வேண்டும். அதற்குரிய துறை, பொருளியல் உறவுகளைப் புள்ளியியல் கொண்டு அளந்தறியும் எகனாமெட்ரிக்ஸ். அதற்கு 1926இல் அப்பெயரிட்டு வளர்த்த நார்வே நாட்டு ரக்னார் ஃபிரிஷ், 1969இல் பொருளியலுக்கான முதல் நோபல் பரிசை யான் டின்பெர்கனுடன் பகிர்ந்துகொண்டார். அதனைப் பொருளியல் அளவையியல் எனலாம். அளவையியல் என்று மட்டும் எழுதினால் தருக்கவியலைக் குறித்துவிடும்.

மாஸ்டர்ஸ் இங்கே மலாயில் சர்ஜானா எனப்படுகிறது. இந்தோனேசியாவில் அதே சொல் இளநிலைப் பட்டத்தைக் குறிக்கும். நம்மவர் எல்லாவற்றையும் முதுகலை என்பர். கலைப் பட்டத்துக்கு அது பொருந்தும். அறிவியல் பட்டமாகிய இதற்கு முதுநிலை என்பதே தகும்.

எழுத்துமுறை பற்றி ஒன்று. கதவு, அழகு என்பவை கதவழகு என இணைவதுபோல, தரவு என்பதன் ஈற்று உகரம் கெட்டுத் தரவறிவியல் என்றாகும். அச்சகத்தார் 'தரவு அறிவியல்' என்று பிரித்தே அனுப்பியிருந்தனர். தாத்தா தம் சட்டைப்பையிலிருந்த பேனாவால் இடையே கோடிழுத்துச் சேர்த்து, கீழே கிராணிக் கையெழுத்தில் திருத்தி எழுதினார்: பொருளியல்–தரவறிவியல் முதுநிலை.