ஹார்மோனோடு கூடவே வெளியே வரும் புரதங்கள்

சில மாதங்களுக்கு முன் ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு பெண் என்னிடம் வந்தார். கையில் ஒரே ஒரு ரிப்போர்ட். 'குரோமோகிரானின் ஏ' என்ற புரதம் ரத்தத்தில் இயல்பைவிட மிக அதிகம் என்று அதில் இருந்தது. இணையத்தில் தேடியிருக்கிறார். நியூரோஎண்டோகிரைன் கட்டி, அதாவது ஹார்மோன் சுரக்கும் செல்களில் வரும் கட்டி, என்று வந்திருக்கிறது. மூன்று இரவுகளாகத் தூக்கமே இல்லை.

"அசிடிட்டிக்கு மாத்திரை ஏதாவது போடுறீங்களா?" என்று கேட்டேன்.

"ஆமா டாக்டர். பேன்டோபிரசோல், ரெண்டு வருஷமா தினமும்."

பரிசோதனைக்கு எழுதிக்கொடுத்த இடத்தில் இதை யாரும் அவரிடம் கேட்கவில்லை. அதில்தான் எனக்கு வருத்தம்.

குரோமோகிரானின் நோயின் பெயர் அல்ல. நம் எல்லோர் உடம்பிலும் வேலை செய்யும் ஒரு புரதம். ஹார்மோன் சுரக்கும் செல்கள் தேவைப்படும்போதுதான் ஹார்மோனைத் தயாரிக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. முன்பே தயாரித்து, சவ்வால் மூடிய நுண்ணிய பைகளில் சேர்த்து வைத்திருக்கும். இவைதான் சுரப்புத் துகள்கள். கணையத்தின் ஒரு பீட்டா செல்லில் மட்டும் இப்படிச் சுமார் பத்தாயிரம் துகள்கள் இன்சுலினோடு காத்திருக்கின்றன.

அட்ரினல் சுரப்பியின் துகள்களில் அட்ரினலின் அத்தனை அடர்த்தியாக அடைந்திருக்கிறது. அது தனித்தனி மூலக்கூறுகளாக மிதந்தால், சுற்றியுள்ள நீரை உள்ளே இழுத்து, பையையே வெடிக்க வைத்துவிடும். அப்படி ஆகாமல் பிடித்து வைப்பதில் பெரும் பங்கு குரோமோகிரானினுடையது. துகளுக்குள் அமிலத்தன்மை அதிகம், பிஎச் 5.5-ஐ ஒட்டி இருக்கும். அந்தச் சூழலில் இந்தப் புரதங்கள் ஒன்றோடொன்று திரண்டு, அட்ரினலினையும் கால்சியத்தையும் தம்மோடு பிணைத்துக்கொள்கின்றன. துகள் திறந்ததும் வெளியே பிஎச் 7.4. பிடி தளர்கிறது, சரக்கு கரைந்து ரத்தத்தில் கலக்கிறது. குரோமோகிரானினும் கூடவே வருகிறது. அதைத்தான் லேப்பில் அளக்கிறோம்.

சரி, இதில் அசிடிட்டி மாத்திரை எங்கே வந்தது? வயிற்றில் அமிலம் குறைந்தால், அதை ஈடுகட்ட கேஸ்ட்ரின் என்ற ஹார்மோன் கூடும். அது வயிற்றுச் சுவரில் உள்ள ஹார்மோன் செல்களைத் தூண்டிவிடும். அந்தச் செல்களின் துகள்களிலும் குரோமோகிரானின் உண்டு. ஆகவே கட்டி எதுவும் இல்லாமலே அளவு ஏறிவிடும். சிறுநீரகம் சரியாக வேலை செய்யாதவர்களுக்கும் ஏறும். ஓமெப்ரசோல், பேன்டோபிரசோல் வகை மாத்திரை போடுபவர்களுக்கு, பாதுகாப்பாக நிறுத்த முடிந்தால், சுமார் இரண்டு வாரம் நிறுத்திவிட்டுப் பரிசோதிப்பது வழக்கம். நிறுத்தலாமா என்பதை உங்கள் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். வயிற்றுப் புண்ணில் ரத்தம் கசிந்தவர்கள் தாமாக நிறுத்தினால் ஆபத்து. அந்தப் பெண்ணுக்கு அந்தச் சிக்கல் எதுவும் இல்லை. நிறுத்திவிட்டு மறுபடி பார்த்தபோது அளவு இயல்புக்குள் இருந்தது.

துகள் எப்படித் திறக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நாம் கொடுக்கும் மருந்து ஒன்று இங்கேதான் நுழைகிறது. துகளின் சவ்வில் ஒரு ஸ்னேர் புரதம் இருக்கிறது, செல்லின் சவ்வில் அதற்கு இணையாக இரண்டு. இவை கயிறு முறுக்குவது போல ஒன்றையொன்று சுற்றி இறுக, இரண்டு சவ்வுகளும் நெருங்கி ஒன்றாகின்றன. ஆனால் கால்சியம் உள்ளே வந்ததை சினாப்டோடேக்மின் என்ற புரதம் உணர்ந்த பிறகுதான் கதவு திறக்கும். இந்த ஏற்பாட்டைக் கண்டறிந்ததற்காக ராத்மன், ஷெக்மன், சூடாஃப் மூவருக்கும் 2013-இல் நோபல் பரிசு கிடைத்தது. டெட்டனஸ் கிருமியின் நஞ்சு நரம்பு செல்களில் ஒரு ஸ்னேர் புரதத்தைத்தான் வெட்டுகிறது. அந்த ஒரு வெட்டு போதும், உடம்பு விறைத்துப் போக.

பீட்டா செல்லில் சர்க்கரை ஏறினால்தான் கால்சியம் உள்ளே வர வேண்டும். கிளிமிபிரைட், கிளிபென்கிளமைடு போன்ற சர்க்கரை நோய் மாத்திரைகள் செல்லின் சவ்வில் உள்ள பொட்டாசியம் வாயிலை மூடி, சர்க்கரை ஏறாதபோதும் அந்தக் கால்சியத்தை வரவழைத்துவிடும். அதனால்தான் இவற்றைப் போட்டுவிட்டுச் சாப்பாட்டைத் தவிர்க்காதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன். வயதானவர்கள், சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்கள் வீட்டில் இருந்தால், திடீர் வியர்வை, நடுக்கம், குழப்பம் வந்ததும் உடனே சர்க்கரை அளவைப் பாருங்கள்.

அப்புறம், துகளிலிருந்து வந்து லேப்பில் அளக்கப்படும் இன்னொன்று, சி-பெப்டைடு. துகளுக்குள் இன்சுலின் முதலில் நீளமான ஒரே புரதமாக இருக்கிறது. நொதிகள் அதை வெட்டும்போது நடுவிலிருந்து விழும் துண்டுதான் இது. துகள் திறந்தால் இன்சுலினும் இதுவும் சம எண்ணிக்கையில் வெளியே வரும். ஊசியில் போடும் இன்சுலினில் இந்தத் துண்டு கிடையாது. அதனால் இன்சுலின் ஊசி போடுபவரின் கணையம் தானாக எவ்வளவு சுரக்கிறது என்று இதை வைத்து அறியலாம். மாத்திரைக்குச் சர்க்கரை அடங்காமல், எடையும் குறைந்துகொண்டே வரும் இளைஞரைப் பார்த்தால் இந்தப் பரிசோதனையை நான் தள்ளிப்போடுவதில்லை. சிலருக்கு அது டைப் 1 சர்க்கரை நோயாக, அதாவது கணையம் இன்சுலினையே சுரக்க முடியாமல் போகும் வகையாக, இருக்கும். அவர்களுக்கு இன்சுலின் அன்றே தேவை. ஒன்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: சி-பெப்டைடு எடுக்கும் அதே ரத்தத்தில் சர்க்கரை அளவையும் எடுக்கச் சொல்லுங்கள். சர்க்கரை தாழ்ந்திருக்கும் நேரத்தில் நல்ல கணையமும் சுரப்பைக் குறைத்துக்கொள்ளும்.