காலாவதியாகும் தட்டணுக்களும் வளரும் ஸ்டெம் செல்களும்

டெங்கு பரவும் மாதங்களில் தட்டணு (பிளேட்லெட்) எண்ணிக்கை வீடுதோறும் பேச்சாகிவிடுகிறது. ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் ஒன்றரை லட்சம் முதல் நான்கு லட்சம் வரை இருக்க வேண்டிய இந்த நுண்துணுக்குகள், இரத்தம் கசியும் இடத்தை அடைப்பவை என்பதை அநேகமாக எல்லோரும் அறிவோம். ஆனால் அடைப்பது அவற்றின் பாதி வேலைதான். காயம்பட்ட இடத்தைச் சுற்றியுள்ள செல்களைப் பெருகத் தூண்டுவதும் அவையே. ஸ்டெம் செல்களை ஆய்வகத்தில் வளர்ப்பதற்கு இந்த இரண்டாவது வேலைதான் பயன்படுகிறது.

எலும்பாகவும் குருத்தெலும்பாகவும் கொழுப்பாகவும் மாறவல்ல மீசன்கைமல் ஸ்டெம் செல்கள் எலும்பு மஜ்ஜையில் மிக அரிதாகவே இருக்கின்றன. அங்குள்ள ஒற்றைக்கரு செல்களில் பத்தாயிரத்துக்கு ஒன்று, சில வேளைகளில் லட்சத்துக்கு ஒன்று என்ற அளவில்தான் அவை கிடைக்கும். மருத்துவ ஆய்வுகளிலோ உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு 10 லட்சம் முதல் 20 லட்சம் செல்கள் வரை செலுத்துவது வழக்கம். 60 கிலோ எடையுள்ள ஒருவருக்குக் குறைந்தது 6 கோடி செல்கள் வேண்டும். ஆகவே, எடுத்த சிறு தொகையைப் பல வாரங்கள் வளர்த்துப் பெருக்குவதைத் தவிர வேறு வழியில்லை.

சர்க்கரை, உப்புகள், அமினோ அமிலங்கள் அடங்கிய வளர்ப்பு ஊடகம் செல்களை உயிரோடு வைத்திருக்குமே தவிர, பிரியத் தூண்டாது. அதற்காகப் பல பத்தாண்டுகளாகச் சேர்க்கப்பட்டு வந்தது, இறைச்சிக்காக வெட்டப்படும் சினைப்பசுவின் கருவிலிருந்து எடுக்கப்படும் இரத்தச் சீரம். அக்கருவின் இதயத்தில் ஊசி செலுத்தி இரத்தத்தை எடுக்கிறார்கள் என்பதே மனத்தை உறுத்தும் செய்தி. மருத்துவ நோக்கிலும் இதில் இடர் உண்டு: மாட்டின் கிருமிகள் தொற்றக்கூடும், செல்கள் உள்வாங்கிய மாட்டுப் புரதம் எத்தனை முறை கழுவினாலும் முழுதாக நீங்காமல், நோயாளியின் உடலில் எதிர்ப்பொருள்களை உருவாக்கவும் கூடும்.

மாற்றுக்கான தடயம் 1974-லேயே கிடைத்துவிட்டது. இரத்தத்தை உறையவிட்டுப் பிரித்தெடுத்த சீரத்தில் இரத்தக்குழாயின் மென்தசைச் செல்கள் பெருகுவதையும், தட்டணுக்களை முன்பே நீக்கிவிட்ட சீரத்தில் அவை அவ்வாறு பெருகாததையும் அமெரிக்காவில் ரஸ்ஸல் ராஸ் குழுவினர் காட்டினார்கள். வித்தியாசம் தட்டணுக்களுக்குள் இருந்தது. அவற்றினுள் ஆல்ஃபா துகள்கள் எனப்படும் நுண்பைகளில் பிடிஜிஎஃப், டிஜிஎஃப்-பீட்டா, இஜிஎஃப் போன்ற வளர்ச்சிக் காரணிகள் அடைபட்டுள்ளன. இவை செல்லின் மேற்பரப்பிலுள்ள ஏற்பிகளில் பொருந்தும்போது, பிரிவதற்கான கட்டளை உட்கரு வரை சென்று சேர்கிறது. தட்டணுக்களைச் சிதைத்துப் பெறும் சாறு மாட்டுச் சீரத்துக்கு மாற்றாகும் என்று 2005-இல் பிரான்ஸ் ஆய்வாளர்கள் காட்டிய பின்னர் இதன் பயன்பாடு பரவியது.

இரத்த வங்கியில் தட்டணுப் பை 20 முதல் 24 டிகிரி செல்சியஸில், ஓயாமல் மெல்ல ஆடும் தட்டின்மேல் கிடக்கும். வைக்கோல் நிறமுள்ள அந்தப் பையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து இலேசாக அசைத்தால், நல்ல நிலையிலுள்ள தட்டணுக்கள் மேகம்போல் சுழன்று மினுங்கும். பொதுவாக ஐந்து நாள்களில் அது காலாவதியாகி நோயாளிக்கு ஏற்றத் தகுதியற்றதாகிவிடுகிறது. உள்ளிருக்கும் வளர்ச்சிக் காரணிகள் அப்போதும் வீணாகிவிடுவதில்லை. பையை உறையவைத்து, 37 டிகிரியில் உருக்கி, இதையே சில முறை செய்தால், பனிப்படிகங்கள் தட்டணுக்களின் சவ்வைக் கிழித்துவிடும். மையவிலக்கியில் சுழற்றிச் சிதைவுகளை நீக்கி வடிகட்டினால் தெளிந்த சாறு கிடைக்கும். ஊடகத்தில் இதை 5 முதல் 10 சதவீதம் சேர்த்தாலே போதும். செல்கள் கதிர்போல் ஒடுங்கிய வடிவில், மாட்டுச் சீரத்தில் வளர்வதைவிடப் பெரும்பாலும் விரைவாகப் பெருகுகின்றன.

ஒரு சிக்கல் உண்டு. சாற்றில் எஞ்சியுள்ள, இரத்தத்தை உறையவைக்கும் புரதமான ஃபைப்ரினோஜன், ஊடகத்திலுள்ள கால்சியத்தைச் சந்தித்ததும் தட்டில் இருப்பது முழுவதும் கூழாக இறுகிவிடும். இதைத் தடுக்கச் சேர்க்கும் ஹெப்பாரின் பெரும்பாலும் பன்றிக்குடலிலிருந்து பெறப்படுவது. விலங்குப் பொருளைத் தவிர்க்கவென்று தொடங்கிய முயற்சியில் அதுவே மீண்டும் நுழைவது எனக்கு ஏற்புடையதாகப் படவில்லை. சாற்றை முன்னதாகவே கால்சியம் கொண்டு உறையச் செய்து, ஃபைப்ரின் கட்டியை அகற்றிவிடும் முறையே நேர்மையான தீர்வு.

கொடையாளருக்குக் கொடையாளர் வளர்ச்சிக் காரணிகளின் அளவு வேறுபடுவதால், பலருடைய பைகளை ஒன்றாகக் கலந்தே தயாரிக்கிறார்கள். அப்போது ஒருவரிடமுள்ள வைரஸ் முழுத் தொகுதியையும் கெடுத்துவிடக்கூடும் என்பதால், கொடையாளர் ஒவ்வொருவரின் இரத்தத்தையும் சோதிப்பதோடு, சாற்றையோ தட்டணுக்களையோ காமா கதிர்வீச்சு கொண்டோ, சோராலென் என்ற வேதிப்பொருளைக் கலந்து புறஊதா ஒளி பாய்ச்சியோ கிருமி நீக்கமும் செய்கிறார்கள். கதிர்வீச்சின் அளவு கூடினால் வளர்ச்சிக் காரணிகளும் சிதையும் என்பதால், ஒவ்வொரு தொகுதியிலும் செல்களை வளர்த்துப் பார்த்த பிறகே அது பயன்பாட்டுக்கு விடப்படுகிறது.