சட்டம் நிறைவேறிவிட்டது, அமலுக்கு வந்துவிட்டதா?

நாடாளுமன்றத்தில் ஒரு மசோதா நிறைவேறிய அன்றே ‘புதுச் சட்டம் வந்தாச்சு, இனி அபராதம்’ என்று வாட்ஸ்அப்பில் சுற்ற ஆரம்பித்துவிடும். அன்று அது வெறும் மசோதாதான். குடியரசுத் தலைவர் ஒப்புதல் தந்த பிறகுதான் சட்டம். மாநில மசோதா என்றால் ஆளுநர் ஒப்புதல் தரவேண்டும். சிலவற்றை அவர் குடியரசுத் தலைவருக்கு அனுப்பிவைப்பதும் உண்டு.

ஒப்புதல் கிடைத்து அரசிதழில் வெளியானாலும் அமலுக்கு வந்துவிட்டதாக ஆகாது. பல சட்டங்களின் முதல் பிரிவிலேயே ‘அரசு அறிவிக்கும் நாளில் நடைமுறைக்கு வரும்’ என்றிருக்கும். அந்த நாளுக்குப் பெரும்பாலும் கெடு கிடையாது. ஊதியச் சட்டத் தொகுப்புக்கு ஒப்புதல் கிடைத்தது 2019 ஆகஸ்டில். அதன் பெரும்பகுதி அமலுக்கு வந்தது 2025 நவம்பர் 21 அன்று. நாள் எதுவும் குறிப்பிடாத மத்தியச் சட்டம் மட்டும் ஒப்புதல் பெற்ற நாளிலேயே அமலாகிவிடும்.

சட்டம் அமலுக்கு வரும்போது ஒரு பிரிவை மட்டும் நிறுத்திவைப்பதும் நடக்கும். விபத்தில் ஒருவர் இறந்து, தகவல் சொல்லாமல் ஓடிவிடும் ஓட்டுநருக்குப் பத்தாண்டு வரை சிறை என்று இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(2) பிரிவு சொல்கிறது. 2024 ஜனவரியில் லாரி ஓட்டுநர்கள் வண்டியை நிறுத்திப் போராடினார்கள். சன்ஹிதா 2024 ஜூலை 1 முதல் அமல் என்று வந்த அறிவிப்பு இந்த உட்பிரிவை விட்டுவிட்டது. புத்தகத்தில் அச்சாகியிருந்தாலும், இப்படி நிறுத்திவைத்த பிரிவில் வழக்குப் போட முடியாது.

அமலான பிறகும் விதிகளுக்காகக் காத்திருக்க வேண்டிவரலாம். குடியுரிமைத் திருத்தச் சட்டம் 2020 ஜனவரி 10 அன்றே அமலுக்கு வந்தது. ஆனால் எப்படி விண்ணப்பிப்பது என்று சொல்லும் விதிகள் 2024 மார்ச் 11 அன்றுதான் வெளியாயின.

இனி ‘தடை’, ‘ரத்து’ என்று செய்தியில் வருபவை. வேளாண் சட்டங்களுக்கு உச்ச நீதிமன்றம் 2021 ஜனவரி 12 அன்று விதித்தது இடைக்காலத் தடை. சட்டங்கள் உயிரோடுதான் இருந்தன, செயல்படுத்த மட்டும் முடியாது. அதே ஆண்டு நவம்பரில் நாடாளுமன்றமே அவற்றை நீக்கியது. இணையத்தில் புண்படுத்தும் பதிவு போட்டால் சிறை என்ற, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவின் கதை வேறு. அரசியலமைப்புக்கு முரணானது, செல்லாது என்று 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகும் காவல் நிலையங்களில் அந்தப் பிரிவில் வழக்குப் பதிந்துகொண்டிருந்தார்கள். 2021-இல் உச்ச நீதிமன்றமே அதிர்ச்சி தெரிவித்தது.

நீக்கப்பட்ட சட்டம் பழைய வழக்குகளைக் கைவிடுவதில்லை. 2024 ஜூலை 1-க்கு முன் நடந்த குற்றத்துக்கு இன்றும் இந்திய தண்டனைச் சட்டத்தின் கீழேதான் தண்டனை.