சுருக்கப்பெயரைப் பக்கமே விரித்துச் சொல்லட்டும்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் சங்கங்களுக்கும் தமிழ்ப்பள்ளிகளுக்கும் இணையப் பக்கம் அமைத்துத் தருகிறேன். வரும் அறிவிப்புகளில் ஈபிஎப் (ஊழியர் சேமநிதி), சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு), பிபிஆர் (மக்கள் வீடமைப்புத் திட்டம்), எஸ்டிபிஎம் (உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழ்) என்று சுருக்கப்பெயர்கள் விரிவின்றி மலிந்திருக்கும். செம்பனைத் தோட்டத்தில் உழைத்து ஓய்ந்தவருக்குத் தமக்குரிய பணத்தைப் பற்றிய அறிவிப்பே புரியாமல் போவது அநியாயம்.

பக்கங்களை நான் மார்க்டவுனில் எழுதுகிறேன்; எளிய குறிகளோடு எழுதிய உரையை இணையப் பக்கமாக மாற்றித் தரும் முறை அது. 2004இல் ஜான் குரூபர் வெளியிட்ட மூல மார்க்டவுனில் சுருக்கப்பெயருக்கு வழி இல்லை. பிறகு வந்த பிஎச்பி மார்க்டவுன் எக்ஸ்ட்ரா என்ற விரிவாக்கம் அதைச் சேர்த்தது. ஆவணத்தில் எங்காவது இப்படி ஒரு வரி எழுதினால் போதும்:

*[எஸ்டிபிஎம்]: மலேசிய உயர்நிலைக் கல்விச் சான்றிதழ்

அந்தச் சொல் வரும் இடத்திலெல்லாம் இணையப் பக்க மொழியான எச்டிஎம்எல்லில் சுருக்கப்பெயருக்கென உள்ள ஏபிபிஆர் (abbr) குறிச்சொல் சேர்ந்து, விரிவு அதன் டைட்டில் (title) பண்பில் அமரும். இந்த வேலையைச் செய்யும் நிரலை மாற்றி என்கிறேன்; பக்கத்தில் உள்ள நிரல் துண்டுகளையும் இணைப்பு முகவரிகளையும் அந்த மாற்றி தொடக்கூடாது.

தமிழில் சிக்கல் சொல்லின் எல்லையில் இருக்கிறது. ஜாவாஸ்கிரிப்ட் நிரல்மொழியில் சொல் தொடங்கும், முடியும் இடத்தைக் கண்டறியும் சொல்லெல்லைக் குறி ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு தவிர வேறொன்றையும் அறியாது; தனித்து நிற்கும் தமிழ்ச் சொல் அதன் கண்ணில் படவே படாது. பைத்தான் நிரல்மொழியோடு வரும் ரெகுலர் எக்ஸ்பிரஷன் (உரையில் வடிவம் தேடும்) தொகுதியோ தமிழ் எழுத்தை அறியும், ஆனால் புள்ளியையும் உயிர்க்குறிகளையும் சொல்லின் பகுதியாகக் கொள்ளாது. விளைவு தலைகீழ். துணைப் பிரதமரைக் குறிக்க டிபிஎம் என்று வரையறுத்தால், தனியாக நிற்கும் டிபிஎம் தப்பிவிடும். ‘எஸ்டிபிஎம்மில்’ என்ற சொல்லின் நடுவே துணைப் பிரதமர் வந்து உட்கார்ந்துவிடுவார்! முன்னால் எழுத்தோ துணைக்குறியோ வரக்கூடாது என்று ஒவ்வொரு எழுத்துக்கும் யூனிகோடு எழுத்துத்தரம் தரும் வகைகளைக் கொண்டு நாமே விதி எழுத வேண்டும். நீளமான சுருக்கப்பெயரை முதலில் தேடுவதும் நல்லது.

பின்பக்கம் அவ்வளவு கண்டிப்பு உதவாது. தமிழில் வேற்றுமை உருபு ஒட்டிக்கொண்டே வரும். ‘எஸ்டிபிஎம்முக்கு’ என்பதில் மூலச்சொல் அப்படியே இருக்கிறது. ‘பிபிஆரில்’ என்றால் புள்ளியே மறைந்துவிடுகிறது. நேரடித் தேடல் அங்கே தோற்கும். ஆகவே உருபுகளின் பட்டியல் ஒன்றை மாற்றியிலேயே வைத்து, புள்ளி கெடும் வடிவங்களையும் அதுவே உருவாக்கிக்கொள்ளச் செய்கிறேன்.

இவ்வளவு செய்தும் டைட்டிலை மட்டும் நம்ப எனக்கு மனம் வரவில்லை. சுட்டியை மேலே கொண்டுபோனால்தான் அது தெரியும்; கைப்பேசியில் சுட்டி ஏது? திரைவாசிப்பு மென்பொருள்கள் பலவும் இயல்பான அமைப்பில் அதை வாசிப்பதில்லை. எங்கள் ஊரில் அறிவிப்புகளைப் படிப்பதோ பெரும்பாலும் கைப்பேசியில். எனவே முதல் முறை வரும்போது ‘ஊழியர் சேமநிதி வாரியம் (ஈபிஎப்)’ என்று விரிவை வரியிலேயே அச்சிடும்படி மாற்றியை அமையுங்கள். அடுத்தடுத்த இடங்களுக்குக் குறிச்சொல் போதும்.