செண்டையின் உயரமும் மின்னணு டிரம்மின் பேடுகளும்

களியக்காவிளையிலிருந்து மார்த்தாண்டம் வரையுள்ள ஊர்களில், கோவில் திருவிழாவானாலும் தேவாலயத் திருவிழாவானாலும், ஊர்வலத்துக்கு முன்னால் செண்டை மேளம் போகும். செண்டைக்காரர்கள் இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக நின்றும் நடந்தும் கொட்டிவிட்டு, மறுநாள் வேறோர் ஊருக்குக் கொட்டப் போய்விடுவார்கள். அதே ஊர்களின் பாடகர் குழுக்களிலும் மெல்லிசைக் குழுக்களிலும் மின்னணு டிரம் வாசிக்கும் இளைஞர்களோ, ஸ்டூலில் உட்கார்ந்தபடி முக்கால் மணி நேரம் வாசித்ததுமே தோள்பட்டையைப் பிடித்துக்கொள்கிறார்கள். செண்டைக்காரரின் பயிற்சியும் உடல் உரமும் இதற்கு ஒரு காரணம்தான் என்றாலும், வாத்தியம் உடலோடு எப்படிப் பொருந்தியிருக்கிறது என்பதில் இன்னொரு காரணம் இருக்கிறது.

செண்டை, கொட்டுபவரின் தோளிலிருந்து துணிவாரில் தொங்குகிறது. அவர் நடந்தால் அதுவும் நடக்கிறது, குனிந்தால் அதுவும் தாழ்கிறது. அதன் மேல்முகம் எப்போதும் இடுப்பை ஒட்டியே இருப்பதால், மேற்கைகள் விலாவின் பக்கத்தில் தளர்ந்து தொங்க, முழங்கைகள் மட்டும் மடங்கி, மணிக்கட்டுகள் கோலை உருட்டுகின்றன. மின்னணு டிரம்மில் இந்த உறவு தலைகீழாகிவிடுகிறது. இரும்புக் குழாய்ச் சட்டத்தில், ஸ்டிக்கால் அடிக்கும் தட்டுகளான பேடுகள் அசையாமல் நிற்க, உடல்தான் அவற்றைத் தேடிப் போகவேண்டியிருக்கிறது.

அப்படித் தேடிப் போவதன் செலவைக் கணக்கிடலாம். மனிதனின் ஒரு கை, தோளிலிருந்து விரல்நுனி வரை, உடல் எடையில் ஏறத்தாழ 5 சதவீதம் இருக்கும். 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 3 கிலோ. கையை முன்னால் நேராக நீட்டிப் பிடித்தால், அந்த 3 கிலோவின் மையம் தோள்மூட்டிலிருந்து சுமார் 30 செ.மீ. தள்ளிப் போய்விடுவதால், தோள்தசைகள் ஏறத்தாழ 9 நியூட்டன் மீட்டர் திருப்புவிசையை விடாமல் எதிர்த்துக்கொண்டிருக்க வேண்டும். மேற்கையைத் தொங்கவிட்டு முழங்கையை மட்டும் மடக்கினால், மேற்கையின் எடை மூட்டுக்கு நேர்கீழே வந்துவிடுகிறது. முன்கையும் உள்ளங்கையும் மட்டுமே சுமையாவதால் அந்த அளவு 2 நியூட்டன் மீட்டருக்குச் சற்று மேலே நின்றுவிடுகிறது, அதாவது சுமார் நாலில் ஒரு பங்கு. மேலும், சுருங்கி விரியும் தசைக்குள் ரத்தம் தடையின்றி ஓடும். இறுகியே இருக்கும் தசையோ தன்னுள் ஓடும் ரத்த நாளங்களைத் தானே நெரித்துக்கொள்கிறது. ஆகவே பாட்டு முடிந்ததும் கடுப்பது பெரும்பாலும் அடித்த மணிக்கட்டாக இருப்பதில்லை, தூக்கிப் பிடித்திருந்த தோளாக இருக்கிறது.

பேடுகளை ஏன் அவ்வளவு உயரத்தில் வைக்கிறார்கள் என்று கேட்டால், மர டிரம் செட்டின் வடிவத்தைத்தான் சுட்டவேண்டும். அதில் தரையில் கிடக்கும், கால் பெடலால் அடிக்கும் பேஸ் டிரம் பொதுவாக 20 அல்லது 22 அங்குல விட்டமுள்ளது. டாம்கள் எனப்படும் சிறிய டிரம்கள் அதன் முதுகின்மேல் ஏற்றப்படுவதால் அதற்குக் கீழே இறங்க வழியே இல்லை. மின்னணு டிரம்மில் பேஸ் டிரம்மின் இடத்தில் நிற்பது பெடலின் சுத்தி அடிப்பதற்கான சிறிய பேடு ஒன்றுதான். மரக் கூடு இல்லாத வாத்தியத்துக்குக் கூட்டின் உயரம் தேவையே இல்லை. ஆயினும் படத்தில் பார்த்த டிரம் செட்டைப்போலவே தோற்றமளிக்க வேண்டும் என்ற ஆசையில் டாம் பேடுகளை மார்பு உயரத்துக்கு ஏற்றிவைக்கிறார்கள். மேடைக்கு அந்த அழகு வேண்டியதுதான் என்று வாதிடுபவர்களை நான் குறைசொல்லமாட்டேன்; ஆனால் வாரத்துக்கு நான்கு நாள் ஒத்திகை பார்க்கும் அறையிலும் அதே அழகுக்காகத் தோளை வருத்திக்கொள்வதில் எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை.

பேடுகளை அடுக்கும்போது பெரும்பாலோர் சட்டத்தை முதலில் நிறுத்தி, பேடுகளைப் பூட்டி, கடைசியில் ஸ்டூலை உள்ளே தள்ளி, கிடைத்த இடத்தில் உட்காருகிறார்கள். வரிசை இதற்கு நேரெதிராக இருக்கவேண்டும். வெறுந்தரையில் ஸ்டூலை மட்டும் போட்டு, தொடை இடுப்பிலிருந்து முழங்காலை நோக்கிச் சற்றே சரிந்திருக்கும்படி, அதாவது முழங்கால் மடிப்பு 90 பாகைக்குக் கொஞ்சம் அதிகமாக விரிந்திருக்கும்படி, உயரத்தைச் சரிசெய்துகொள்ள வேண்டும். ஸ்டூல் தாழ்ந்துபோனால் முதுகு வளைவதோடு, பேஸ் பெடலை மிதிக்கும் ஒவ்வொரு கிக் அடிக்கும் இடுப்பின் முன்தசைகள் காலை மேல்நோக்கித் தூக்கவேண்டியிருக்கும். உயரம் சரியானதும் கண்ணை மூடிக் கால்களைத் தளரவிட்டால் அவை இணையாக நிற்காமல் சற்றே விரிந்து விழும். பாதம் விழுந்த இடத்தில், விழுந்த கோணத்திலேயே பெடல்களை வைத்த பிறகுதான் சட்டத்தைக் கொண்டுவர வேண்டும்.

வாசிப்பவருக்கு நேர்முன்னால் இருக்கும் முதன்மை டிரம்மான ஸ்நேரின் பேடு இரண்டு தொடைகளுக்கும் நடுவில், தொடைக்கு மேல் நாலு விரலாவது இடைவெளி விட்டு அமையவேண்டும். அதைவிடத் தாழ்ந்தால், விளிம்பையும் சேர்த்து அடிக்கும்போது விரல்மூட்டு தொடையில் இடிக்கும். உயர்ந்தால் முழங்கை விலாவை விட்டு வெளியே விலகும். பெடலால் திறந்து மூடும் இரட்டை உலோகத் தட்டான ஹைஹாட்டின் பேடு, வலக்கை இடக்கைக்கு மேலாகக் கடந்து வந்து அடிப்பதென்றால், ஸ்நேருக்கு மேலே ஏறத்தாழ ஒரு சாண் உயரத்தில் இருக்கவேண்டும். ஆனால் இங்கே மின்னணு வாத்தியம் தரும் சுதந்திரத்தைப் பலர் பயன்படுத்துவதே இல்லை. ஹைஹாட்டைத் திறந்து மூடும் பெடலுக்கும் அதன் பேடுக்கும் இடையே மின்கம்பி இணைப்பு மட்டுமே இருப்பதால், பேடை வலப்புறத்துக்குக் கொண்டுபோய் வைத்துக்கொண்டு, கைகளைக் குறுக்கே போடாமலேயே வாசிக்கலாம். எந்தப் பேடு எந்த ஒலியைத் தரவேண்டும் என்பதை, ஒலியை உண்டாக்கும் பெட்டியான மாட்யூலில் மாற்றிக்கொள்ளவும் முடியும்.

அடுத்தது பேடின் சாய்வு. ஸ்டிக் மேற்பரப்பில் மோதும்போது மேற்பரப்பு அதை எதிர்த்துத் தள்ளும் விசை, பெரும்பாலும் மேற்பரப்புக்குச் செங்குத்தான திசையில்தான் வரும். ஸ்டிக் மேற்பரப்போடு 10 பாகைக் கோணத்தில் படிந்து விழுந்தால், அந்த விசையில் 98 சதவீதம் ஸ்டிக்கை அதன் பிடிமானத்தைச் சுற்றி மேலே திருப்பிவிடுகிறது. அடுத்த அடிக்கான தூக்கலைப் பேடே கொடுத்துவிடுகிறது. கோணம் 45 பாகையானால் அந்தப் பங்கு 71 சதவீதமாகக் குறைவதோடு, விசையின் இன்னொரு கூறு ஸ்டிக்கின் நீளவாக்கில் ஓடி நேராக உள்ளங்கைக்குள் இறங்குகிறது. செங்குத்தாகக் குத்துவதுபோல் வாசிப்பவருக்கு மணிக்கட்டு வலிப்பதன் காரணம் இதுவே. 1981இல் வந்த சிம்மன்ஸ் எஸ்.டி.எஸ். 5 என்ற அறுகோணப் பேடுகள் கடினமான பாலிகார்பனேட்டால் ஆனவை. மணிக்கட்டு வலிக்கிறது என்ற புகாரை வாசித்தவர்களிடமிருந்து அவை நிறையவே பெற்றன. பின்னர் ரப்பர் வந்தது, 1997இல் ரோலண்ட் நிறுவனம் வலைத்தோல் பேடுகளைக் கொண்டுவந்தது. மேற்பரப்பு மென்மையானால் அதிர்ச்சி குறையும். சாய்வு தவறாக இருந்தால், வலைத்தோலிலும் ஸ்டிக் உள்ளங்கையை இடிக்கத்தான் செய்யும்.

பேடுகளுக்கு இடையிலான தூரத்துக்கும் ஒரு விதி உண்டு. ஓர் இலக்கை நோக்கிக் கையை நகர்த்த ஆகும் நேரம், தூரத்துக்கும் இலக்கின் அகலத்துக்கும் உள்ள விகிதத்தைப் பொறுத்தது என்று 1954இல் பால் ஃபிட்ஸ் என்ற உளவியலாளர் காட்டினார். மர டாம் 12 அங்குலம் என்றால் அதன் இடத்திலிருக்கும் பேடு பெரும்பாலும் 8 அங்குலமே இருக்கும். இலக்கு சுருங்கிவிட்டது, தூரம் மட்டும் பழையபடி இருந்தால் கை தயங்கும், விளிம்பில் தட்டும். ஆகவே பேடு சிறுத்த அளவுக்கு இடைவெளியும் சிறுக்க வேண்டும். விளிம்புகள் ஒன்றையொன்று தொடாமல் விரல் நுழையும் சந்து விட்டால் போதும்.

எல்லாவற்றையும் நெருக்கிவிட்டால் வேறொரு தொல்லை தலைகாட்டும். பேடின் அடியில் இருக்கும் பீசோ தகடு, அதிர்வை மின்னழுத்தமாக மாற்றுவது. அழுத்தினால் சில படிகங்களில் மின்னூட்டம் தோன்றும் என்பதை 1880இல் பியேர் கியூரியும் அவருடைய அண்ணன் ழாக் கியூரியும் கண்டறிந்திருந்தார்கள். அந்தத் தகட்டுக்கு அதிர்வு ஸ்டிக்கிலிருந்து வந்ததா, பக்கத்துப் பேடிலிருந்து சட்டத்தின் குழாய் வழியாக வந்ததா என்று தெரியாது. எஃகில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 5 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுவதால், ஒரு மீட்டர் குழாயைக் கடக்க மில்லி நொடியில் ஐந்தில் ஒரு பங்கு போதும். அதனால் டாமை அடித்தால் கிராஷ் என்ற உலோகத் தட்டுக்கான பேடும் சேர்ந்து ஒலிக்கும். மாட்யூல் ஒரே கணத்தில் வரும் இரண்டு மின்குறிப்புகளை ஒப்பிட்டு, மெலிந்ததைத் தள்ளிவிடும் வசதியைக் கொண்டிருக்கிறது. அப்படித் தள்ளும் அளவை அதிகமாக ஏற்றினால், வேண்டுமென்றே இரண்டு பேடுகளைச் சேர்த்து அடிக்கும்போது மெல்ல அடித்தது காணாமல் போகும். எனவே முதலில் கிளாம்புகளை இறுக்கி, ஒரு பேடின் கிளாம்பு இன்னொன்றில் உரசாதபடி திருப்பிவிட்டு, அதன் பிறகும் மிஞ்சும் கசிவுக்கு மட்டுமே மாட்யூலைத் தொடுவது நல்லது. பேடை இடம் மாற்றும்போதெல்லாம் அதிர்வு பாயும் வழியும் மாறிவிடுவதால், இந்தச் சோதனையை அப்போதெல்லாம் மீண்டும் செய்யவேண்டும்.

எங்கள் பக்கத்தில் ஒரே டிரம் செட்டை மூன்று நான்கு பேர் மாறிமாறி வாசிப்பது வழக்கம். ஆறடிக்காரர் ஒருவர் காலையில் அமைத்துவிட்டுப் போன செட்டில், அவருடைய நெஞ்சு உயரத்துக்கு ஸ்டிக்கை ஏந்தியபடி மாலை முழுதும் வாசித்து, இரவு சாப்பிடக் கையைத் தூக்க முடியாமல் நானே திண்டாடியிருக்கிறேன். ஆள் மாறும்போது எல்லாப் பேடுகளையும் அவிழ்க்க வேண்டியதில்லை. ஸ்டூலின் உயரத்தையும் ஸ்நேரின் உயரத்தையும் மாற்றி, டாம்கள் பூட்டியிருக்கும் குறுக்குக் குழாயை ஒரு பிடி ஏற்றியோ இறக்கியோ வைத்தால் மற்றவை பெரும்பாலும் பொருந்திவிடும். அந்த மூன்று இடங்களில் ஆளுக்கொரு நிறத்தில் இன்சுலேஷன் டேப் சுற்றிவைத்தால், அடுத்தவர் வந்து உட்கார இரண்டு நிமிடம் போதும்.