வயசான நாய் கத்தாது, ஆனா வலிக்கும்

தேயிலத் தோட்டத்துப் பக்கம் ஒரு கெழட்டு நாய் பின்னங்கால இழுத்துக்கிட்டு நடந்தா, வயசாயிருச்சு அப்பிடித்தான்னு விட்டுர்றோம். வலிச்சா கத்தாதான்னும் கேக்குறாங்க. திடீர்னு அடிபட்டாத்தாங்க நாய் கத்தும், மாசக்கணக்கா இருக்குற வலிக்கு கத்தாது, அது பாட்டுக்கு ஒதுங்கிப் படுத்துக்கிரும். அந்த நொண்டலுக்குப் பின்னால பெரும்பாலும் மூட்டுத் தேய்மானம்தான் இருக்கு, அதுக்கு செய்ய முடிஞ்சது நெறைய இருக்கு.

மூட்டுல எலும்பு நுனிய மூடி வழவழன்னு குருத்தெலும்பு இருக்கும், அதுல நரம்பே கெடையாது, அதனால தேய ஆரம்பிக்கிறப்ப நாய்க்கே தெரியாது. தேயத் தேய மூட்டச் சுத்தி இருக்குற சவ்வு வீங்கும், அந்த சவ்வுலயும் அடி எலும்புலயும்தான் நரம்பு நெறைய. வீங்குன எடத்துல காக்ஸ்ங்கிற நொதி புரோஸ்டாகிளாண்டின்னு ஒரு பொருள உண்டாக்கி நரம்பு நுனிய உசுப்பிவிட்டுரும், அப்பறம் சும்மா கால் ஊண்டுனாலே வலிதான். இதோட நின்னாலும் பரவால்ல. ராப்பகலா வலி சேதி போய்க்கிட்டே இருந்தா தண்டுவடத்துல இருக்குற நரம்பு செல்லுங்க அதுக்கு பழகிப்போகாது, நேர்மாறா இன்னும் கூர்மையாயிரும், லேசா தொட்டதையே வலின்னு மூளைக்கு அனுப்பும். முதுக தடவுனா உறுமுற கெழட்டு நாய்க்குப் பின்னால பல நேரம் இதுதான் இருக்கு, அத கோவம் கூடிருச்சுன்னு அடிக்கிறவங்கள பாத்தா எனக்கு மனசு தாங்காது.

பக்கத்துல உக்காந்து பாருங்க. எந்திரிக்கிறப்ப முன்னங்கால மட்டும் ஊண்டி ஒடம்ப இழுக்குதா, பின்தொடை சதை வத்தி எலும்பு கையில தட்டுதா, ஒரே மூட்ட நக்கி நக்கி அந்த எடத்து முடி செம்பட்டையாயிருச்சா, ராத்திரி ஒரு பக்கமா படுக்க முடியாம மூச்சு வாங்கிக்கிட்டு மாறி மாறி படுக்குதா. இஸ்தோப்பு, அதான் வாசத் திண்ணை, அதோட படி ரெண்டே ரெண்டுதான், அது முன்னால நின்னு யோசிக்குதான்னா அது சோம்பேறித்தனம் இல்ல.

நுவரெலியா 1,868 மீட்டர் ஒசரம், வருசம் பொறந்தா விடியக்காலம் புல்லு மேல பனி ஒறைஞ்சு வெள்ளையா கெடக்கும். அந்த குளிர்ல வெறும் சிமெந்துல படுத்தா காலையில மூட்டு வெறைச்சிரும். மூணு நாலு சாக்க மடிச்சுப் போட்டு மேல பழைய கம்பளி, அடுப்படி பக்கம் ஒரு மூலை, இதுக்கு காசே வேணாம். குண்டா இருந்தா எளைக்க வைங்க, மிச்ச ரொட்டியெல்லாம் போடாதீங்க, சும்மா கட்டி வைக்காம சமதரையில கொஞ்ச தூரம் நடத்துங்க.

மருந்து விசயத்துல மட்டும் நம்ம மாத்திரைய குடுத்துறாதீங்க. ஐபுரூபன், டைக்குளோபெனாக்கெல்லாம் அந்த காக்ஸ தடுக்கிறதுதான், ஆனா வயித்து உள்தோல காப்பாத்துறதும் கிட்னிக்கு ரத்தம் போக வைக்கிறதும் அதே புரோஸ்டாகிளாண்டின்தான், நாய்க்கு வயித்துல புண்ணாகி ரத்தம் கசியும், கிட்னி போயிரும். பெனடோல், அதான் பாராசிட்டமால், கூடிப்போனா ஈரல கெடுக்கும், பூனைக்கு ஒரு மாத்திரையே உசுர எடுத்துரும். நாய்க்குன்னு மெலொக்சிகாம், கார்ப்ரோபென் இருக்கு, அதுவும் மிருக வைத்தியர் எடை பாத்து, முடிஞ்சா ரத்தம் செக் பண்ணி, சாப்பாட்டோட குடுக்க சொல்றது. நரம்பே கூர்மையாயிருச்சுன்னா அதோட கபாபென்டின்ங்கிற நரம்பு வலி மருந்தும் சேப்பாங்க. பேராதனை பல்கலைக்கழகத்து மிருக வைத்திய பீடத்துலயே ஆஸ்பத்திரி இருக்கு.

அப்பறம் யாருக்கும் பேசப் பிடிக்காத விசயம். எதுவரைக்கும் வெச்சிருக்கிறது? ஆலிஸ் வில்லலோபோஸ்னு ஒரு அமெரிக்க மிருக வைத்தியர் 2004ல ஒரு அளவுகோல் போட்டாங்க. வலி, சாப்பாடு, தண்ணி, சுத்தம், சந்தோசம், நடமாட்டம், கெட்ட நாள விட நல்ல நாள் கூடவா, இந்த ஏழுல ஒவ்வொண்ணும் நல்லா இருந்தா பத்து மார்க் வரைக்கும், மொத்தம் 35க்கு மேல வந்தா இன்னும் பாத்துக்கலாம். எனக்கு அந்த கடைசிதான் முக்கியமா படுது, சுவத்து கலண்டர்ல கெட்ட நாளுக்கு ஒரு கோடு போட்டு வாங்க, நம்ம மனசு சொல்ற சமாதானத்த விட அந்த கோடு நேர்மையா இருக்கும்.

வலியில்லாம போய்ச் சேர ஊசி போடுறது பாவம்னு சொல்றவங்க நம்ம பக்கம் நெறைய, அந்த மனசு புரியுது. ஆனா தானா போகட்டும்னு விட்டா மூத்திரத்துலயே படுத்து, தோல் புண்ணாகி, ஈ மொய்ச்சு புழு வெச்சு, தண்ணிக்கு தலைய தூக்க முடியாம நாள்கணக்கா கெடக்கும், அத பாத்தவங்களுக்குத் தெரியும். ஊசின்னா பெரும்பாலும் மொதல்ல தூக்கத்துக்கு ஒண்ணு போட்டு, அப்பறம் முன்னங்கால் ரத்தக் கொழாயில பென்டோபார்பிட்டல். அது மயக்க மருந்துதான், அளவு கூட்டிக் குடுக்குறாங்க. மூளைய அடக்குற காபாங்கிற ரசாயனத்தோட வேலைய பல மடங்கு கூட்டுறதால சில செகண்ட்ல நெனவு போயிரும், நெனவு போன பொறகுதான் மூச்சும் நெஞ்சும் நிக்கும். கண்ணு மூடாது, ஒண்ணு ரெண்டு தடவ மூச்சு இழுக்கிற மாதிரி இருக்கலாம், மூத்திரம் போகலாம், அப்ப அதுக்கு எதுவுமே தெரியாது, புள்ளைங்க பக்கத்துல இருந்தா இத முன்னாடியே சொல்லி வைங்க.

பொதைக்கிறப்ப ஆழமா தோண்டணும். அந்த மருந்து ஒடம்புல அப்பிடியே தங்கும், வேற நாயோ காட்டுப் பன்னியோ தோண்டித் தின்னா அதுவும் செத்துரும், தேயில மலைக்குள்ள சிறுத்தையும் நடமாடுது. பீலித் தண்ணி வர்ற பக்கம் வேணாம், மேல கல்லு நாலு அடுக்கி விடுங்க.